ஒப்பந்தம் கையில், விசா முடியப் பத்து வாரம்

கேள்வி:

வணக்கம் சார். நான் கோயம்புத்தூர்க்காரன், வயது 31. பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஊரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஏழு வருடம் டிசைன் வேலை பார்த்தேன். போன வருடம் ஜூலையில் ஷான்சன்கார்ட்டே (வேலை தேடி வருபவர்களுக்கான அனுமதி) விசாவில் ஜெர்மனி வந்தேன். என் பட்டத்துக்கு இசட்.ஏ.பி. (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மன் அலுவலகம்) மதிப்பீட்டுச் சான்றிதழ் இருப்பதால் புள்ளிக்கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. லுட்விக்ஸ்புர்க்கில் தங்கி, வாரம் 20 மணி நேரம் ஒரு வேர்ஹவுஸில் வேலை செய்கிறேன்.

போன வாரம் ஹைல்பிரோன் பக்கம் ஒரு இயந்திர உற்பத்தி நிறுவனத்தில் வேலை உறுதியாகிவிட்டது. நிரந்தர வேலை, ஆறு மாதம் புரொபேஷன். ஆண்டுச் சம்பளம் 44,500 யூரோ, அதோடு 3,000 யூரோ வரை போனஸ். ஒப்பந்தத்தில் பதவியை 'தொழில்நுட்பப் பணியாளர்' என்று போட்டிருக்கிறார்கள். மே 4-ஆம் தேதி சேரச் சொல்கிறார்கள். என் விசா ஜூன் 30-உடன் முடிகிறது.

வேலை விசாவுக்கு இந்தியா திரும்பிப்போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அறைத்தோழர் சொல்கிறார். மே 4-ஆம் தேதி சேர்ந்துகொண்டே விண்ணப்பிக்கலாம் என்கிறார் இன்னொருவர். போனஸோடு சேர்த்தால் 47,500 வருகிறதே, ப்ளூ கார்டு (பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) கிடைக்குமா? எல்லாவற்றையும் 'ஃபாஸ்ட் டிராக்'கில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் 1,800 யூரோ கேட்கிறார். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், போய்வர முடியுமா? மனைவியும் நான்கு வயது மகளும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வாழ்த்துகள். பத்து மாதத்துக்குள் சொந்தத் துறையிலேயே நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது, சின்ன விஷயமில்லை. இங்குள்ள நிறுவனங்களின் ஹெச்.ஆர். பக்கம் உட்கார்ந்து வெளிநாட்டுப் பணியாளர்களின் விசா காகிதங்களைப் பார்ப்பதுதான் என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கையில் உங்கள் வழக்கு நல்ல வழக்கு. ஆனால் இரண்டு மூன்று இடங்களில் இப்போதே கை வைத்தாக வேண்டும், அதுவும் நீங்கள் கவலைப்படாத இடங்களில்.

இந்தியா திரும்ப வேண்டியதில்லை. ஷான்சன்கார்ட்டேயில் இருப்பவர் இங்கிருந்தபடியே, தான் குடியிருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வேலை அனுமதிக்கு மாறிக்கொள்ளலாம். உங்கள் அறைத்தோழர் கேள்விப்பட்டது அநேகமாக ஷெங்கன் சுற்றுலா விசாவில் வந்தவர்களின் கதையாக இருக்கும். அவர்களைப் பொதுவாகத் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். ஷான்சன்கார்ட்டே அமலுக்கு வந்ததே 2024 ஜூன் 1-ஆம் தேதிதான். அதற்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இருந்தது ஆறு மாத வேலை தேடும் விசா. அதில் வாரம் பத்து மணி நேர சோதனை வேலையைத் தவிர வேறு எதுவும் செய்யக்கூடாது. சீனியர்கள் சொல்லும் அனுபவம் பெரும்பாலும் அந்தக் காலத்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, சட்டம்தான் மாறிவிட்டது.

அடுத்து மே 4. இந்தத் தேதியில் முழு நேர வேலையில் சேரவே சேராதீர்கள்.

விண்ணப்பம் போட்டுவிட்டால் வேலை செய்யும் உரிமையும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. விசா முடியும் முன் நீங்கள் விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை உங்கள் பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் கருதும். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு இதைச் சொல்கிறது. தொடர்வது பழைய அனுமதி என்பதால் அதன் நிபந்தனைகளும் கூடவே தொடர்கின்றன. சராசரியாக வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். அதைத் தாண்டி ஒரு மாதம் வேலை பார்த்தால் அது அனுமதியில்லாத வேலை. உங்களுக்கு 5,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம், நிறுவனத்துக்கு 5 லட்சம் யூரோ வரை. அபராதம்கூடப் போகட்டும். ப்ளூ கார்டு விண்ணப்பத்தோடு சம்பளச் சீட்டும் அதே அதிகாரியின் மேசைக்குப் போகும்போது உங்களிடம் சொல்வதற்கு என்ன இருக்கும்?

இதை ஹெச்.ஆருக்கு எழுதத் தயங்காதீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பலரும் மறைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அவருடைய அனுமதியைச் சரிபார்த்து, நகலைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்த ஹெச்.ஆர். கோபித்துக்கொள்ள மாட்டார். தெரியாத ஹெச்.ஆர். என்றால் நீங்கள் சொல்வது அவருக்குப் பெரிய உதவி. சின்ன நிறுவனங்களில் வெளிநாட்டுப் பொறியாளரை எடுப்பது இதுவே முதல் முறையாக இருக்கும், எதையும் அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. ஒப்பந்தத்தில் தேதிக்குப் பதிலாக, 'உரிய குடியிருப்பு அனுமதி கிடைத்தபின், அதிகபட்சம் இன்ன மாதத்துக்குள்' என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். இது இங்கே வழக்கமான வரிதான்.

சரி, நிறுவனத்துக்கு ஆள் அவசரம், மே மாதமே வேண்டும் என்கிறார்கள். அதற்கும் ஒரு வழி உண்டு, யாரும் யோசிப்பதில்லை. ஷான்சன்கார்ட்டே தரும் வாரம் 20 மணி நேரம் வேர்ஹவுஸுக்கென்று எழுதிவைத்ததல்ல. எந்த வேலைக்கும், எந்த முதலாளியிடமும் அது செல்லும். ஆகவே வேர்ஹவுஸை விட்டுவிட்டு, புதிய நிறுவனத்திலேயே தற்காலிகமாகப் பகுதி நேர ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். வாரம் இரண்டரை நாள், உங்கள் டிசைன் மேசையிலேயே. அனுமதி வந்ததும் முழு நேர ஒப்பந்தம் தானாக நடைமுறைக்கு வரும் என்று எழுதிக்கொண்டால் போதும். மே 4-ஆம் தேதியே அவர்கள் முகம் பார்த்துவிடலாம், சட்டமும் மீறவில்லை. ஒரே எச்சரிக்கை: 20 மணி என்பது எல்லா வேலைகளையும் சேர்த்த கணக்கு. இரண்டு இடத்திலும் சில வாரம் ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனை வேலை பார்க்கவும் இந்த விசா இடம் தருகிறது. ஆனால் ஒப்பந்தமே கைக்கு வந்துவிட்ட உங்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இப்போது சம்பளம். இங்கேதான் உங்கள் கணக்கு இடிக்கிறது.

ப்ளூ கார்டுக்கு 2026-ல் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு 45,934.20 யூரோ. பொறியாளர்கள் இரண்டாவது பட்டியலில் வருகிறார்கள், ஆகவே நீங்கள் எட்ட வேண்டியது 45,934.20. மாதத்துக்கு 3,827.85. உங்கள் அடிப்படைச் சம்பளம் மாதம் 3,708 சொச்சம். 'வரை' என்ற சொல்லோடு வரும் போனஸை அதிகாரி கணக்கில் எடுக்க மாட்டார். லாபம் வந்தால் தருவோம், இலக்கை எட்டினால் தருவோம் என்பதெல்லாம் உறுதியில்லாத பணம். ஒப்பந்தத்தில் நிபந்தனையின்றி எழுதப்பட்ட தொகை மட்டுமே செல்லும். பதின்மூன்றாவது மாதச் சம்பளம் உறுதியாகத் தரப்படும் என்று எழுதியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆக உங்களுக்கு மாதம் சுமார் 120 யூரோ குறைகிறது.

இந்த 120 யூரோவுக்காக ப்ளூ கார்டை விட்டுவிடாதீர்கள். சம்பள உயர்வு கேட்பதாக நினைத்துக் கூச்சப்படவும் வேண்டாம். நிறுவனம் ஏற்கெனவே 3,000 வரை போனஸ் ஒதுக்கி வைத்திருக்கிறதே, அதில் 1,500 யூரோவை நிலையான சம்பளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். சம்பளம் 46,000, போனஸ் 1,500 வரை. அவர்களுடைய உச்சச் செலவு அதே 47,500-தான். ஹெச்.ஆரிடம் இதை இப்படியே, எண்களோடு, ஒரு மின்னஞ்சலில் எழுதுங்கள். வரம்புக்கு 66 யூரோ மேலே நிற்பதற்குப் பதிலாக 46,500 கிடைத்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் வரம்பு ஒவ்வொரு ஜனவரியும் நகர்கிறது. 2024-ல் 41,041.80 ஆக இருந்தது, 2025-ல் 43,759.80, இப்போது 45,934.20. உங்கள் முடிவு ஏதோ காரணத்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனால் புதிய வரம்பை வைத்துக் கேள்வி வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஏழு வருட அனுபவமுள்ள இயந்திரப் பொறியாளருக்கு, பாடன்-வுர்டம்பெர்க் மாநிலத்தில், 44,500 குறைவு. தொழிற்சங்கக் கூலி ஒப்பந்தத்துக்குள் இருக்கும் பெரிய ஆலைகள் பக்கத்திலேயே இருக்கும் வட்டாரம் அது. நாட்டுக்குப் புதியவர், ஜெர்மன் இன்னும் சரளமில்லை என்பதால் குறைத்திருக்கலாம். முதல் வேலைக்காக நீங்கள் அதை ஏற்றுக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் அரசும் இதைப் பார்க்கும். பற்றாக்குறைத் தொழிலுக்கான குறைந்த வரம்பில் ப்ளூ கார்டு கேட்டாலும் சரி, சாதாரண வேலை அனுமதி கேட்டாலும் சரி, கூட்டரசின் வேலைவாய்ப்பு முகமையின் சம்மதம் வேண்டும். அதே வேலைக்கு அதே வட்டாரத்தில் ஜெர்மானியர் ஒருவருக்கு என்ன தருவார்களோ அதைவிடக் குறைவாகத் தருகிறார்களா என்றுதான் அந்த முகமை பார்க்கிறது. அவர்களே 'என்ட்கெல்ட்அட்லாஸ்' என்று ஒரு சம்பள வரைபடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் தொழிலையும் மாநிலத்தையும் போட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு ஹெச்.ஆரிடம் பேசினால், 46,500 என்பது நீங்கள் கெஞ்சிக் கேட்கும் தொகையாகத் தெரியாது.

நிறுவனம் மசியவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி அடைபடாது. 18பி பிரிவின் கீழ் பட்டம் பெற்ற திறன் பணியாளருக்கான சாதாரண வேலை அனுமதி இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் நிலையான சம்பள வரம்பு இல்லை (45 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் உண்டு, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை). ஆனால் வட்டாரச் சம்பள ஒப்பீட்டிலிருந்து தப்ப முடியாது. 18பி-யிலும் குடும்பத்தை அழைக்கலாம், வேலையும் அதே வேலைதான். வித்தியாசம் பின்னால் தெரியும். ப்ளூ கார்டில் ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) தேர்ச்சி இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், ஏ1 (தொடக்க நிலை) மட்டும் இருந்தால் 27 மாதம். 18பி-யில் 36 மாதம், பி1 கட்டாயம். மாதம் 120 யூரோவுக்கு நான் இவ்வளவு நேரம் பேசுவது இதனால்தான்.

இரண்டு அனுமதிக்கும் தகுதி இல்லாமல், ஆனால் தகுதியான வேலைக்கு ஒப்பந்தம் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு, ஷான்சன்கார்ட்டேயையே இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கும் ஏற்பாடும் உண்டு. உங்களுக்கு அது வேண்டியிருக்காது.

சம்பளத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அந்த 'தொழில்நுட்பப் பணியாளர்' என்ற இரண்டு சொல்தான்.

மாறுவதற்கான காகிதங்களில் மிக முக்கியமானதை நீங்கள் எழுதப்போவதில்லை. 'வேலை உறவு பற்றிய அறிவிப்பு' என்று ஒரு படிவம் உண்டு, வேலைவாய்ப்பு முகமையின் தளத்தில் கிடைக்கும், சில பக்கம்தான். அதை நிறுவனம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். வேலையின் பெயர், தினசரி என்ன செய்வார் என்ற விவரம், அதற்கு என்ன படிப்பு தேவை, வாரம் எத்தனை மணி, விடுமுறை எத்தனை நாள், சம்பளம் எவ்வளவு. முகமையில் உட்கார்ந்திருப்பவர் உங்களைப் பார்க்கப்போவதில்லை, உங்கள் பி.இ. புராஜெக்ட்டைப் பார்க்கப்போவதில்லை. அந்தப் படிவத்தைத்தான் பார்ப்பார். என் மேசைக்குத் திரும்பி வரும் கோப்புகளில் பெரும்பாலானவை இந்தப் படிவத்தில் சறுக்கியவை. ஹெச்.ஆரில் இருப்பவர் அவசரத்தில் 'உற்பத்திக்கு உதவுதல், வரைபடங்கள், இதர பணிகள்' என்று ஒரு வரி போட்டு அனுப்பிவிடுவார். தேவையான படிப்பு என்ற கட்டத்தில் 'தொழிற்பயிற்சி அல்லது பட்டம்' என்று இரண்டையும் டிக் செய்துவிடுவார். அவருக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியாது. முகமைக்கோ இது பொறியாளர் வேலையா, வரைவாளர் வேலையா, இயந்திரம் ஓட்டும் வேலையா என்று புரியாது. கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், மூன்று வாரம் போய்விடும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் வருங்கால மேலாளரிடம் (ஹெச்.ஆரிடம் கேட்டால் கிடைக்காது) வேலை விவரத்தை அரைப் பக்கத்துக்கு வாங்குவது. இன்ன இயந்திர உறுப்புகளை முப்பரிமாணத்தில் வடிவமைப்பது, அழுத்தக் கணக்கீடு செய்வது, சோதனை முடிவுகளை ஆராய்வது, சப்ளையர்களோடு தொழில்நுட்பப் பேச்சு நடத்துவது என்று வினைச்சொல்லோடு எழுதியதாக இருக்கட்டும். இதற்குப் பொறியியல் பட்டம் தேவை என்ற வரி அதில் இருக்க வேண்டும். அந்த அரைப் பக்கத்தை ஹெச்.ஆரிடம் கொடுத்து, படிவத்திலும் ஒப்பந்தத்திலும் அதே வார்த்தைகளைப் போடச் சொல்லுங்கள். பதவியின் பெயரையும் 'வடிவமைப்பாளர்' என்றோ 'மேம்பாட்டுப் பிரிவு, வடிவமைப்பு' என்றோ மாற்றினால் நல்லது. 'இஞ்செனியர்' (பொறியாளர்) என்று போட நிறுவனம் தயங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். இங்கே அது சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர், வெளிநாட்டில் படித்தவர் அதைப் போட்டுக்கொள்ள மாநிலப் பொறியாளர் சபையிடம் அனுமதி வாங்க வேண்டும். வேலை செய்யத் தடையில்லை, பெயருக்குத்தான் தடை. எனவே பெயரில் பிடிவாதம் வேண்டாம், விவரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நிறுவனம் கொஞ்சம் மனம் வைத்தால், நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே முகமையிடம் நேராக எழுதி முன்கூட்டிய சம்மதம் கேட்கலாம். அது கையில் இருந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்கள் கோப்பு ஒரு படி தாண்டியே போய் நிற்கும். முகமைக்குப் போன கோப்புக்கு இரண்டு வாரத்துக்குள் பதிலோ கேள்வியோ வராவிட்டால் சம்மதம் கிடைத்ததாகவே கருதப்படும் என்றும் விதி இருக்கிறது. தாமதம் பெரும்பாலும் முகமையில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் அலுவலகத்தில்தான்.

அந்த அலுவலகத்துக்கு வருவோம். டெர்மின் (நேரில் வர அலுவலகம் ஒதுக்கும் நேரம்) கிடைக்கவில்லை என்று காத்திருந்தே விசாவைக் கடத்திவிட்டவர்கள் உண்டு. டெர்மின் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள், அது விண்ணப்பமே இல்லை என்று சொல்லிவிட முடியும். ஜூன் 30-க்குள் (நான் சொல்வது: மே மாதம் பிறக்கும் முன்) தெளிவான விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். லுட்விக்ஸ்புர்க்கில் எந்த வழியில் வாங்குகிறார்களோ, இணையப் படிவமோ மின்னஞ்சலோ, அந்த வழியில் அனுப்புங்கள். அதோடு ஒரு நகலைப் பதிவுத் தபாலிலும் போட்டுவிடுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, தற்போதைய விசா எண், அப்புறம் இந்த வரி, ஜெர்மனில்: 18ஜி பிரிவின்படி ப்ளூ கார்டு வழங்குமாறும், அது இயலாவிட்டால் 18பி பிரிவின்படி அனுமதி வழங்குமாறும் விண்ணப்பிக்கிறேன், முடிவு வரும்வரை 81-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவின்படி சான்று தரவும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்பதில் தவறில்லை. சம்பளப் பேச்சு இழுத்தாலும் உங்கள் தேதி காப்பாற்றப்படும். திருத்திய ஒப்பந்தத்தைப் பின்னால் சேர்க்கலாம்.

இணைக்க வேண்டியவை தெரிந்தவைதான். பாஸ்போர்ட், ஒப்பந்தம், நிறுவனம் நிரப்பிய படிவம், பட்டச் சான்றிதழ், இசட்.ஏ.பி. மதிப்பீடு, முகவரிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம். இசட்.ஏ.பி. சான்று உங்களிடம் இருப்பதால் பெரிய தலைவலி ஒன்று இல்லை. அது இல்லாமல் வந்தவர்கள் பலர் வேலை கிடைத்தபிறகுதான் 208 யூரோ கட்டி விண்ணப்பித்து, மதிப்பீடு வரும்வரை மாதக்கணக்கில் நகம் கடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

கார்டு கைக்கு வரும்வரை வீடு மாற்றாதீர்கள். ஹைல்பிரோனில் வேலை என்பதால் அங்கேயே போய்விடலாம் என்று தோன்றும். முகவரி மாறினால் கோப்பும் வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டும், அந்தப் பயணம் சில சமயம் மாதக்கணக்கில் நடக்கும். இப்போதைக்கு மாதம் 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் ரயிலேறிப் போய்வாருங்கள்.

'சரி' என்று அலுவலகம் முடிவெடுத்த பிறகும் கார்டு பெர்லினில் அச்சாகி வரச் சில வாரம் ஆகும். அதுவரை முழு நேர வேலைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கார்டு தயாரிக்க உத்தரவிட்ட நாளிலிருந்தே புதிய வேலையைத் தொடங்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. அதே 81-ஆம் பிரிவின் 5அ உட்பிரிவு. முடிவு வரும்வரை அலுவலகம் தரும் அந்த இடைக்காலச் சான்றில், அதாவது ஃபிக்ஷன் சர்டிஃபிகேட்டில், அதைக் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் அவர்களாகத் தருவதில்லை.

தங்கை கல்யாணத்துக்கும் அந்தச் சர்டிஃபிகேட்தான் பதில். ஆவணிக்குள் கார்டு வந்துவிட்டால் கேள்வியே இல்லை. வராவிட்டால், கையில் இருக்கும் சர்டிஃபிகேட்டில் எந்தக் கட்டம் டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். 4-ஆம் உட்பிரிவு என்றால், காலாவதியான விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டி நீங்கள் ஜெர்மனிக்குத் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவு டிக் ஆகியிருந்தால் வெளியே போனால் திரும்ப வர முடியாது, போகவே போகாதீர்கள். நேரத்தில் விண்ணப்பித்த உங்களுக்கு 4-தான் வர வேண்டும். தவறாக 3 போட்டிருந்தால் கவுன்ட்டரை விட்டு நகரும் முன் திருத்திவாங்குங்கள். சென்னையில் விமான கவுன்ட்டரில் இருப்பவர் இந்தக் காகிதத்தை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார் என்பதால், நேரடி விமானமோ ஒரே இடத்தில் மாறும் விமானமோ எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிட முன்னதாகப் போய் நில்லுங்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு டிக்கெட் போடாமல் ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் புரொபேஷனில் அவ்வளவு லீவு கேட்பது உங்கள் சாமர்த்தியம்.

மனைவி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவி, வருவதற்கு முன் ஜெர்மன் ஏ1 தேர்வு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. வந்தபின் வேலைக்கும் தடையில்லை. உங்கள் கார்டு வந்ததும் சென்னைத் துணைத் தூதரகத்தில் அவரும் மகளும் விண்ணப்பிக்கலாம். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டிலும் பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவையுங்கள். இனிஷியலும் அப்பா பெயரும் நம்மவர்களை இங்கே படுத்தும் பாடு தனிக் கதை.

அந்த 1,800 யூரோ மனிதரை விட்டுவிடுங்கள். 'ஃபாஸ்ட் டிராக்' என்று அவர் சொல்வது உண்மையில் இருக்கிற நடைமுறைதான், அரசுக் கட்டணம் 411 யூரோ. ஆனால் அது இன்னும் வெளிநாட்டில் இருக்கும் ஆளை வரவழைக்க நிறுவனம் தொடங்கும் நடைமுறை. ஏற்கெனவே ஜெர்மனிக்குள் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. அனுமதிக்கான அரசுக் கட்டணமே 100 யூரோ அளவுதான். ஒப்பந்தத்தைப் படித்துக்காட்ட ஆள் வேண்டுமென்றால் 'ஃபேர் இன்டகிராட்சியோன்' என்ற ஆலோசனை மையங்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இலவசம். விண்ணப்பித்து மூன்று மாதம் தாண்டியும் அலுவலகம் வாயே திறக்கவில்லை என்றால் அப்போது குடியேற்றச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞருக்குப் பணம் கொடுங்கள். மூன்று மாதம் பதில் இல்லாத அலுவலகத்தின் மேல் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது, வழக்கறிஞரின் ஒரு கடிதத்திலேயே பல கோப்புகள் அசைந்துவிடும்.

கடைசியாக வேர்ஹவுஸ். அங்கே எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். புரொபேஷனில் இருந்தால் பொதுவாக இரண்டு வாரம், அது முடிந்திருந்தால் நான்கு வாரம், அதுவும் மாதத்தின் 15-ஆம் தேதியோடோ மாதக் கடைசியோடோ முடியும்படி. இரண்டாவது கணக்கு உங்களுக்குப் பொருந்தினால் மே 4 கைக்கு எட்டாது. மேற்பார்வையாளரிடம் பேசி இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முன்கூட்டியே முடித்துக்கொள்ளும் காகிதம் போடலாம், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். எதுவானாலும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பும் ராஜினாமா இந்த நாட்டில் செல்லாது. காகிதத்தில் அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.